துரைராசு நிற்கும் இடம்

பிரின்ஸி டீச்சருக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. காரணம் துரைராசுவின் குரல்.

திருவிடைமருதூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி. பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து பாட ஒரு பாட்டுக்குழுவை அங்கே ஆரம்பித்தவள் பிரின்ஸி. சம்பா அறுவடை முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டிருந்த மாசி மாதம். சாயங்காலம் பெரியவர்கள் வந்து, பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவார்கள். டீச்சர் அட்டெண்டன்ஸ் எடுப்பாள். மீசை வைத்தவர்களெல்லாம் எழுந்து நின்று "உள்ளேன் டீச்சர்" என்பார்கள். பிறகு காலை பிரேயரில் நிறுத்துவதுபோல எல்லோரையும் உயர வரிசையில் நிறுத்துவாள். நாலு பேரைச் சேர்ந்தாற்போலப் பார்த்துவிட்டால் உயர வரிசையில் நிறுத்தாமல் வாத்தியார்களுக்குக் கை சும்மா இருக்காது. ஒரு கோடியில் பொடிப்பிள்ளைகள், மறு கோடியில் அறுவடை மிஷின் ஓட்டும் துரைராசு. ஊரிலேயே உயரமான ஆள்.

அவர் வாயைத் திறந்தால் பாட்டு ஒரு பக்கம் போகும், அவர் ஒரு பக்கம் போவார். சுருதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். கத்தலோ, வாய்க்காலைத் தாண்டி அடுத்த தெரு வரைக்கும் கேட்கும். வெள்ளிக்கிழமை ஆண்டு விழா. தலைமையாசிரியர் மதிவாணன் பொறுமையை இழந்துவிட்டார்.

"அந்தாள வாய மட்டும் அசைக்கச் சொல்லிடுங்க டீச்சர். பெரிய அதிகாரிங்கல்லாம் வர்றாங்க, மானம் போயிடும்."

சொல்லிவிடலாம்தான். ஆனால் துரைராசுவுக்குக் குந்தவை என்று ஒரு மகள், நாலாம் வகுப்பு. பேர் கேட்டால்கூடத் தரையைப் பார்ப்பாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். அப்பா குழுவில் சேர்ந்த பிறகுதான் அவளும் பாட ஆரம்பித்தாள். அப்பாவை வாயடைத்தது தெரிந்தால் அவளும் அடைத்துக்கொள்வாள், அதில் சந்தேகமே இல்லை. பாடுபட்டுத் திறந்த வாயை நாமே மூடுவதா என்று பிரின்ஸி நாளைக் கடத்தினாள். தலைமையாசிரியர் சொல்லைத் தட்டவும் முடியவில்லை.

வியாழக்கிழமை ஒத்திகை முடிந்து துரைராசு தன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிரின்ஸி பக்கத்தில் போய் நின்று, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு நீங்க பாட வேணாம், வாய மட்டும் அசைச்சாப் போதும்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவர் பாட்டுக்குச் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோபம் போலிருக்கிறது. பிரின்ஸி "அண்ணே" என்று கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"அட, டீச்சரா? எப்ப வந்தீங்க? இந்தப் பக்கமா வந்து சொல்லுங்க. எடது காது சுத்தமா கேக்காது. மிஷின் சத்தத்துலயே போயிடுச்சு."

பிரின்ஸி வலப்பக்கம் வந்தாள். வாயில் வேறு கேள்வி வந்தது. "பாடுறப்ப மத்தவங்க பாட்டு உங்களுக்குக் கேக்குதாண்ணே?"

"எங்க டீச்சர்? எல்லாரும் முணுமுணுன்னுதானே பாடுறாங்க. சரி, நாமளாவது சத்தமாப் பாடி டீச்சர் பேரக் காப்பாத்துவோம்னுதான் தொண்டை கிழியக் கத்துறேன்."

பிரின்ஸிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வரிசை முழுவதும் அவருக்கு இடப்பக்கம். கேட்காத காதுப் பக்கம் ஊரையே நிறுத்திவிட்டு, மனுஷனுக்குச் சுருதி இல்லை என்று திரிந்திருக்கிறாள். சற்றுமுன் சொன்னதும் அந்தக் காதோடு போயிற்றே என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு மனசுக்குள்ளேயே ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள்.

"நாளைக்கு நீங்க அந்தக் கோடியில, குந்தவை பக்கத்துல நில்லுங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் துரைராசு வயல் வேலையிலிருந்து நேராக மேடைக்குத்தான் வந்தார். பாட வைத்துப் பார்க்க நேரமில்லை. பொடிப்பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பனைமரமாட்டம் ஒருவர் நிற்பதைக் கண்டு மதிவாணனுக்கு முகம் சுண்டிவிட்டது.

"என்ன டீச்சர் இது? பாடப்போறாரா?"

"பாடுவார் சார்" என்றாள் பிரின்ஸி.

ஆற்றில் தண்ணீர் வருவதைப் பற்றி அவளே கட்டிய பாட்டு. முதல் அடி எழுந்தது. துரைராசுவின் குரல் வரவில்லை. பிரின்ஸி பார்த்தாள். அவர் தலையைச் சாய்த்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் பாதி திறந்திருந்தது. இரண்டாம் அடியும் அவரில்லாமலே போயிற்று. முன்வரிசையில் மதிவாணன் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஆனால் குந்தவை அண்ணாந்து அப்பாவைப் பார்த்தாள். அவள் குரல் தேய்ந்து, தலை தரையை நோக்கிப் போனது.

யாரை வாய் மூடச் சொன்னாளோ அவரைப் பார்த்துப் பிரின்ஸி கையெடுத்துக் கும்பிட்டாள். "பாடுங்கண்ணே, பாடுங்க" என்று அவள் உதடு கெஞ்சியது.

துரைராசு அப்போதுதான் டீச்சரைக் கண்டார். பிறகு பாடினார். கரகரப்பாக, மெதுவாக, மகளின் சுருதியிலேயே பாடினார். குந்தவை தலையை நிமிர்த்திக்கொண்டு விட்ட அடியைப் பிடித்தாள். பிரின்ஸிக்கு ஒரு வாரத்து மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

கைதட்டல் ஓய்ந்து கீழே இறங்கியதும் துரைராசு கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர், நடுவுல பாட மறந்துட்டேன். வீட்டுல பாடுன்னு சொன்னா ஓடிடுவா. இன்னைக்குத்தான் எம்பொண்ணு பாடிக் கேட்டேன்."