அட்டைப்படத்தில் நின்றவர்

அம்புரோஸ் கடைக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்க வருகிறவர்கள் ஐந்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் வருவார்கள். பிரிக்பீல்ட்ஸ் மோனோரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு தையல்கடைக்கும் முறுக்குக்கடைக்கும் நடுவில் இருந்தது அந்தக் கடை. இரண்டு காதும் தெரிய உட்காரவைத்து, தாடையைக் கொஞ்சம் இறக்கச் சொல்லிப் படம் எடுப்பதென்னவோ சீக்கிரம் முடிந்துவிடும். பிரிண்டர் முனகத் தொடங்கியதும் சுவரைக் காட்டி ஆரம்பித்துவிடுவார். சுவர் முழுக்க அட்டைப்படங்கள். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு விளையாட்டுப் பத்திரிகைக்குப் படமெடுத்தவர். பத்திரிகை படுத்துவிட்ட பிறகு அவருக்கு மிஞ்சியது அந்தச் சுவரும் அதிலுள்ள கதைகளும்தான். நரம்பு அறுந்த ரேக்கெட்டோடு புள்ளி எடுத்த பெண்ணின் கதை. பந்தயம் முடிந்தது தெரியாமல் இன்னொரு சுற்று மிதித்த சைக்கிள்காரனின் கதை. அவசரக்காரர்கள் தலையை ஆட்டிக்கொண்டே கதவுப் பக்கம் நகர்வார்கள். அவர் விடமாட்டார்.

குமுதா வந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்து வந்திருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். உள்ளே பாஸ்போர்ட் அளவில் ஒரு ஆணின் படம், ஓரம் மஞ்சளடித்துப் போயிருந்தது.

"இத பெருசு பண்ணி பிரேம் போட்டுத் தர முடியுமாண்ணே? சனிக்கிழம வேணும். ஞாயித்துக்கிழம மாலை போடணும்."

"வீட்டுக்காரரா?"

"ஆமாண்ணே. திருச்செல்வம்."

"எப்பம்மா தவறுனாரு?"

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டு, யாரோ அக்கம்பக்கத்துக் குடும்பத்தின் கதையைப் போல நிதானமாகச் சொன்னாள். திருச்செல்வம் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டியவர். 2017ஆம் வருஷம் தைப்பூசத்துக்கு மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பியவர் வேலைக்கும் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. கிள்ளான் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது, சாவி அதிலேயே தொங்கியது. தீயணைப்புப் படை போம்பா ஆட்கள் படகுபோட்டு ஆற்றில் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. அடையாளம் தெரியாத உடல் எங்காவது கிடைத்தால் போலீஸ் கூப்பிடும், அவள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். இப்போது கோர்ட்டிலும் இறந்தவர் என்று சொல்லிவிட்டார்கள். கொழுந்தன் மகளுக்குக் கல்யாணம் வருகிறது, காரியம் செய்யாமல் குடும்பத்தில் நல்லது நடத்தக்கூடாது என்கிறார்கள். காரியம் செய்துவைக்கும் பண்டாரத்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்கென்று சொல்லியாகிவிட்டது.

"தர்ப்பைல உருவம் செஞ்சு எரிக்கணுமாம். அப்புறம் நான் தாலிய கழட்டணும்," என்றாள். கை தன்னையறியாமல் கழுத்துக்குப் போய்த் திரும்பியது.

அம்புரோஸ் கத்தோலிக்கர்தான் என்றாலும் செந்தூல் ரயில்வே குடியிருப்பில் எல்லார் வீட்டுச் சாவிலும் நின்று வளர்ந்தவர். படத்தைக் கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினார். கீறல்களை ஒவ்வொன்றாகத் துடைக்கத் துடைக்க அந்த முகம் எதிரே வந்து உட்கார்ந்தது. இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாகப் பிரிந்திருந்தது. காதுச்சோணைகள் கன்னத்தோடு ஒட்டியவை, இடது காதின் மேல்விளிம்பு சற்று மடங்கியிருந்தது. பாஸ்போர்ட் படம் எடுப்பவனுக்குக் காதுதான் கைரேகை. முகம் பெருக்கும், இளைக்கும், தாடி வைக்கும். காது ஏமாற்றாது.

பிரிண்டர் சோதனைப் படத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் அந்தப் பெண் அழுதுவிடுவாளோ என்று பயந்துதான் அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். பழக்கதோஷம் என்றும் சொல்லலாம்.

"இது பாத்தியாம்மா, நம்ம மாஸ்டர்பீஸ். கீப்பர் ஜீவன், பந்திங் ஊருப் பையன். கிள்ளான்ல ஃபுட்பால் அரையிறுதி. நல்லா பாத்து சொல்லு, பந்த பிடிச்சானா, விட்டானா?"

எல்லாரிடமும் கேட்கும் கேள்விதான். காற்றில் கிடைமட்டமாய்க் கிடக்கும் உடல், விரல் நுனிக்கும் பந்துக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளி, முகத்திலிருந்து சிதறும் மழைத்துளிகள். பிடித்துவிட்டான் என்றுதான் பத்துக்கு ஒன்பது பேர் சொல்வார்கள். விட்டுவிட்டான் என்று சொல்லிச் சிரிப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். குமுதா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவரே தொடர்ந்தார்.

"அன்னிக்கு சரியான மழ. வாழையில சாப்பாட்டுக் கடைல பார்சல் கட்டித் தர்ற டப்பாவ் பைய கேமரா மேல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஈரத்துல ஃபோகஸ் கிறுக்குப் புடிச்சிருச்சு. கீப்பர விட்டுட்டு பின்னால இருக்கிற கூட்டத்த பாக்கப் போயிரும். ஆளு மங்கல், ஜனங்க பளிச். எடுத்ததெல்லாம் குப்ப. எப்பவும் இடைவேளையில உக்காந்து குப்பைய அழிச்சிருவேன், அன்னிக்கு மழையில எங்க அழிக்கறது? இந்த ஒன்னுதான் தேறிச்சு. அட்டையில போட்டாங்க."

"எப்ப எடுத்ததுண்ணே?"

"ரெண்டாயிரத்து பதினேழு. ஈஸ்டருக்கு முந்துன நாளு. கோயிலுக்கு வராம மேட்ச்சுக்கு போனேன்னு எங்க வீட்டம்மா இன்னிக்கும் சொல்லிக் காட்டும் லா."

குமுதா எழுந்து சுவரோரம் போனாள். ஜீவனின் காலுக்கு மேலே, கூரையில்லாத மலிவு இருக்கைகளில் குடைகளும் தலைக்குமேல் பிடித்த நாளிதழ்களுமாய்க் குந்தியிருந்த மங்கலான கூட்டத்தின் நடுவே, ஒரே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். முகமில்லை, ஒரு நீலக் கறை மட்டும். இரண்டு கைகளையும் பிடரியில் கோத்து, முழங்கைகளை முன்னால் குவித்திருந்தது தெரிந்தது. அவள் விரல் கண்ணாடியைத் தொடாமல் அந்த இடத்தில் நின்றது.

"பந்து பாக்கும்போது அவரு இப்படித்தான் நிப்பாரு. டிவி முன்னாலயும் இப்படித்தான். மறைக்குது, உக்காருங்கன்னு நான் கத்துவேன்."

தைப்பூசம் முடிந்து இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த ஈஸ்டர் அது. அம்புரோஸும் கணக்குப் போட்டுவிட்டார்.

"ஆயிரம் பேரு அப்படி நிப்பாங்கம்மா. இது வெறும் மங்கல். இத வச்சு யாருன்னு சொல்ல முடியாது."

"அழிக்கலன்னு சொன்னீங்களே, அந்தக் குப்ப. அதுல ஜனங்க பளிச்சுன்னு இருப்பாங்கன்னு சொன்னீங்களே." அவள் திரும்பாமலே பேசினாள். "தேடிப் பாருங்கண்ணே. அவரு செத்துட்டாருன்னா நான் அழுதுட்டு எந்திரிச்சிருவேன். இத்தன வருஷமா அதுக்குத்தான் தயாரா இருக்கேன். நான் பொண அறைல துணிய தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டு இருந்தப்ப அவரு இங்க நின்னு பந்து பாத்தாருன்னா, அதுக்கு நான் என்னண்ணே பண்றது?"

அவள் போன பிறகு கடையைச் சீக்கிரமே அடைத்தார்.

மறுநாள் கடை திறக்கவில்லை. செந்தூல் வீட்டில், அலமாரி மேலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கி, பழைய வன்தட்டுகளைக் கிண்டினார். அந்த அரையிறுதி கிடைத்தது. சோறு உண்ணக் கூப்பிட்ட மனைவி கிறிஸ்டினுக்குப் பதில் சொல்லாமல் ஒவ்வொரு படமாய்த் தள்ளிக்கொண்டு போனார். ஓடுகிற கால்கள், மழைக்கோடுகள், மங்கல்கள். பிறகு அந்தக் கோலுக்குச் சற்று முந்தின படம் வந்தது. ஜீவன் முன்னால் மஞ்சள் புகையாகக் கரைந்திருந்தான். பின்னாலிருந்த ஜனங்கள் மட்டும் அவ்வளவு துல்லியம், ஒரு கிழவரின் மூக்குக்கண்ணாடியில் ஒட்டிய துளியைக்கூட எண்ணலாம். நடுவில் நீலச் சட்டைக்காரர் கைகளைப் பிடரியில் கோத்தபடி நின்றார். அவர் மைதானத்தைப் பார்க்கவில்லை. நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்புரோஸ் பெரிதாக்கினார். புருவம் இரண்டாய்ப் பிரிந்திருந்தது. இடது காதின் விளிம்பு மடங்கியிருந்தது.

அடுத்தது அட்டைப்படம். அதற்கடுத்தது கோல் விழுந்து சில நொடிகள் கழித்து எடுத்தது, அதுவும் ஃபோகஸ் தவறியதுதான். அதுவரை உட்கார்ந்திருந்த ஜனமெல்லாம் எழுந்து நின்று வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது. நின்றிருந்தவரின் இடம் மட்டும் காலியாக இருந்தது. ஈரச் சிமெண்டுப் பலகை தெரிந்தது.

இத்தனை வருஷமாக அம்புரோஸ் அந்த மனிதரின் பார்வைக்கு நேரே நின்றுகொண்டு, பிடித்தானா விட்டானா என்று ஊரைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். சைக்கிள்காரனுக்குப் பின்னால் யார் நின்றார்கள், ரேக்கெட் பெண்ணுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள்? அவருக்கு எதுவும் தெரியாது. பின்னணி மங்கலாக இருக்கவேண்டும் என்பதற்காகவே லென்ஸ் வாங்கியவர் அவர்.

கிறிஸ்டின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். நடந்ததைச் சொன்னார். "கெடைக்கலன்னு சொல்லிரலாமான்னு பாக்குறேன். அதுவும் ஒரு புண்ணியம்தானே. பண்டாரத்துக்குச் சொல்லியாச்சு, கல்யாணம் வேற வருது."

அவள் திரையிலிருந்த கண்களைக் கொஞ்சநேரம் பார்த்தாள். "கேட்டுட்டுப் போயிருக்கில்ல அந்தப் பொண்ணு. பதில் சொல்லிருங்க. அதுக்கப்புறம் அது அவங்க பாடு."

வெள்ளிக்கிழமை கடைக்கு வந்த ஒரு கல்லூரி மாணவி, தானாகவே சுவரைப் பார்த்து, "நைஸ் லா அங்கிள், இது என்ன மேட்ச்?" என்று கேட்டாள். "பழைய மேட்ச்," என்று சொல்லிவிட்டுப் படத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார். அப்படி அவர் யாரையும் அனுப்பியதில்லை.

சனிக்கிழமை மழைக்கு முந்தின புழுக்கத்தில் குமுதா வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் தெருமுனைப் பூக்கடையில் கட்டிய மல்லிகை மாலை. பெரிதாக்கிய படத்தை அம்புரோஸ் கறுப்புச் சட்டத்தில் போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவள் முகம் கொஞ்சம் இளகியது. "அப்படியே இருக்காரு," என்றாள். பையை மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

அவர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

முதல் படத்தை அவள் வெகுநேரம் பார்த்தாள். கடைக்கு வெளியே யாரோ முறுக்கு விலை விசாரித்தார்கள். மோனோரயில் ஒன்று தலைக்குமேல் உறுமிப் போனது. அவள் தாலிச்சரடைப் பிடித்திருந்தாள், விரல்கள் வெளுக்கும் அளவுக்கு.

"அடுத்தது?"

காலியான இடத்தைக் காட்டினார்.

"எங்கண்ணே போயிருப்பாரு?"

"தெரியலம்மா. இதுக்கு மேல படமில்ல."

அவள் தலையாட்டினாள். மறுபடி முதல் படத்தைப் போடச் சொன்னாள். பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, மிகத் தெளிவான குரலில் சொன்னாள்.

"இவரு இல்லண்ணே."

அம்புரோஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"வேற யாரோ. எங்க வீட்டுக்காரருக்கு பந்து பாக்கவே பிடிக்காது."

டிவியை மறைக்குது என்று கத்தியதைப் புதன்கிழமை இதே இடத்தில் நின்று அவள்தான் சொன்னாள். அவள் அதை மறக்கவில்லை என்பதும், அவர் மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும் என்பதும் அந்தக் கண்களிலேயே இருந்தது.

"சரிம்மா," என்றார்.

பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்த சட்டத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வெளியே போனாள். அதற்குப் பிறகுதான் மேசைமேல் கிடந்த மாலையை அவர் பார்த்தார். பையைத் தூக்கிக்கொண்டு சந்துமுனைவரைக்கும் ஓடினார். சாலை கடக்கும் விளக்குக்குக் கீழே கூட்டத்தோடு நின்றிருந்தாள்.

"தங்கச்சி, மாலைய விட்டுட்டுப் போறியே."

அவள் திரும்பினாள். அவர் கையிலிருந்த பையைப் பார்த்தாள். பச்சை விழுந்தது. எல்லாரும் நடந்தார்கள், அவளும் அவர்களோடு நடந்து போய்விட்டாள்.

கடைக்குத் திரும்பி, பையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். திரையில் நீலச் சட்டைக்காரர் இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அணைக்கவும் கை வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தலையைத் துவட்டியபடி உள்ளே நுழைந்த ஒருவர், பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கணும் என்றார். நாற்காலியில் உட்கார்ந்தவர் மூக்கை உறிஞ்சிச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மல்லிகப்பூ வாசன தூக்குது. யாருக்குண்ணே மாலை?"

அம்புரோஸ் கேமராவைக் கையில் எடுத்தார். பையின் உட்புறம் ஆவி படிந்து வெளுத்திருந்தது. அதற்குள் பூக்கள் ஒவ்வொன்றாய்த் தெரியவில்லை, வெள்ளையாய் ஒரு மங்கல் மட்டும் தெரிந்தது.