இடது கைப்பிடியின் மினுமினுப்பு

1

இந்தக் கதை ஒரு புகைப்படத்திலிருந்து வந்தது. பழைய மரச்சாமான் பிரியர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் யாரோ போட்டிருந்தார். கூடத்தின் நடுவே ஓர் ஆடும் நாற்காலி தலைகீழாகக் கிடந்தது. 'இதன் வயது என்ன, எங்கே செய்தது? தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று கீழே ஒரு வரி. மேலே நீட்டிக்கொண்டிருந்த வளைகட்டை ஒன்றில் கைக்குழந்தையின் காலுறை காய்ந்துகொண்டிருந்தது.

பதில்கள் குவிந்தன. கப்பல் தலைவன் ஒருவனுக்காகச் செய்தது என்றார் ஒருவர். சிறைச்சாலைப் பட்டறை வேலை என்றார் இன்னொருவர். மரம் தேக்கு என்றும், தேக்கு மாதிரி நடிக்கும் வேறு ஏதோ என்றும் இரண்டு கட்சிகள் பிரிந்தன. மிகக் கவனமாகப் பார்த்த ஒருவர், காலுறை அசல் அல்ல, பிற்காலச் சேர்க்கை என்று எழுதினார்.

அந்தக் காலுறைக்குள் இருந்த கால் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டுக்கொண்டேன். இனி வருவதெல்லாம் என் புளுகு.

2

தொடக்கத்தைச் சில விதமாக எழுதிப் பார்த்தேன்.

'அந்த நாற்காலி எத்தனை பெருமூச்சுகளைத் தாங்கியிருக்குமோ, எத்தனை' [நாற்காலி தாங்குவது பெருமூச்சை அல்ல. அடித்துவிட்டேன்.]

'மரத்துக்கும் நினைவு உண்டு என்பது' [இதை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். வெட்கம்தான்.]

'ஓய்வுபெற்ற மதிப்பீட்டாளர், வாங்கிவந்த நாற்காலியில் யாரையும் உட்கார விடவில்லை.' இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

3

காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதங்களை மதிப்பிட்டவர் அவர். எரிந்த கடை, நனைந்த மூட்டை, நசுங்கிய லாரி, எதுவானாலும் சுற்றிவந்து பார்த்து, 'ஏற்கெனவே பழசாக இருந்தது' என்று எழுதிக்கொடுப்பது வேலை. காலமெல்லாம் ஊரார் பொருளின் மதிப்பைக் குறைத்தவருக்கு, ஓய்வுக்குப் பின் ஏதாவது ஒன்றின் மதிப்பைக் கூட்டிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. [இங்கே அவர்மேல் எனக்கு இரக்கம் வருகிறது. நையாண்டி எழுத உட்கார்ந்தவனுக்கு இது ஆகாது.]

நாற்காலியைப் பழைய சாமான் கடையிலிருந்து வாங்கிவந்தது அவர் மனைவி. பிள்ளை பெற்ற மகளுக்காக. கணவனுக்குத் தொலைவில் வேலை என்பதால் மகள் இங்கே இருக்கிறாள். அவளுடைய பையனுக்குத் தொட்டில் ஆகாது. அம்மாவின் தோளும் வேண்டும், ஆட்டமும் வேண்டும். அவனைச் சுமந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தே அவள் இடுப்பு விட்டுப்போயிருந்தது.

நாற்காலி வந்திறங்கியதுமே மதிப்பீட்டாளர் அதைக் கவிழ்த்துப் பார்த்தார். திருகாணித் தலைகளில் ஒற்றைக் கோடு, அந்தக் காலத்து வழக்கம். முகம் மலர்ந்தது. ஒரே ஒரு தலையில் மட்டும் கூட்டல் குறி. அது பிற்காலப் பழுதுபார்ப்பு என்று அங்கேயே தீர்ப்பாயிற்று. இருக்கையின் அடியில் விலைப்பட்டைக் கோடுகளோடு பாதி கிழிந்த ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அது ஏதோ ஒரு விஷமியின் வேலை.

"யாரும் உட்காராதீங்க. இது என்னன்னு முதல்ல தெரியட்டும்."

"நாற்காலின்னு தெரியுதே, போதாதா?" என்றாள் மனைவி.

"உட்கார்ந்தா ஆதாரம் அழிஞ்சிடும்" என்றார் அவர்.

அன்றிலிருந்து அது கூடத்தில் தலைகீழாகக் கிடந்தது. எல்லாரும் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

4

ஒரு விஷயத்தைக் கடைசிவரை மறைத்துவைத்து உங்களைத் திடுக்கிட வைக்கலாம் என்றுதான் திட்டம். மனம் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். மகள் அதில் உட்காருகிறாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் மரவாடிக்கோ நூலகத்துக்கோ விசாரிக்கக் கிளம்புவார். தெருமுனையை அவர் தாண்டியதும் தாயும் மகளும் நாற்காலியை நிமிர்த்துவார்கள். பையனுக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட கையோடு அவள் உட்கார்வாள். அவன் வலது தோளில். அவள் இடது கை கைப்பிடியில். ஆட ஆட இருவருமே தூங்கிப்போவார்கள். வாசல் கதவு கிறீச்சிட்டதும் தாய் உலுக்கி எழுப்புவாள், நாற்காலி மறுபடி கவிழும்.

மதிப்பீட்டாளர் பூதக்கண்ணாடியோடு மண்டியிடுவார். இடது கைப்பிடி நேற்றைவிட இன்று மினுமினுப்பாக இருப்பதை அவரும் கவனித்தார். பார்க்கப் பார்க்கத்தான் பழம்பொருள் தன்னை வெளிப்படுத்தும் என்று குழுவில் எழுதினார். குழு சிலிர்த்தது. உட்கார்ந்தவர் இடக்கையர் என்றார் ஒருவர். வலக்கையில் புத்தகம் இருந்திருக்கும், ஆகவே படித்தவர் என்றார் அடுத்தவர். வாரம் முடிவதற்குள் நாற்காலி ஒரு நீதிபதிக்குச் சொந்தமாகிவிட்டது.

"ஏதோ நீதிபதி கையாம்மா. அப்பா அதைத் தடவிட்டு அப்படியே கண்ணை மூடிக்கிறாரு" என்றாள் மகள்.

"அந்த நீதிபதியை எண்ணெய் கொஞ்சம் கம்மியா எடுக்கச் சொல்லு" என்றாள் தாய்.

[மகள் ஏன் நேரடியாகச் சொல்லவில்லை? இந்த இடத்தில் நான் சில நாள் எழுதாமல் இருந்தேன். பிறகுதான் பிடிபட்டது. வேலையில் இருந்த காலத்தில் அவர் ஊராரின் வசவைச் சுமந்துகொண்டுதான் வீடு திரும்புவார். இப்போது சீட்டியடித்துக்கொண்டு திரும்புகிறார். அதைக் கெடுக்க அவளுக்கு மனமில்லை. இடுப்பு வலியையும் பொறுக்க முடியவில்லை.]

5

குழுவில் பேர்போன பழம்பொருள் வியாபாரி ஒருவர் நேரிலேயே வந்தார், வேனோடு. டார்ச் அடித்தார், தட்டினார், முகர்ந்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"உண்மையைச் சொல்லணும்னா, மத்ததெல்லாம் தொழிற்சாலைச் சரக்கு மாதிரிதான் இருக்கு சார். ஸ்டிக்கர் வேற. ஆனா இந்த இடது கைப்பிடி இருக்கே, இதை ஒருத்தனாலயும் போலியாப் பண்ண முடியாது. ஒரு ஆயுசு பூரா ஒரே கை பட்டிருக்கணும்."

சேகரிப்பாளர் ஒருவர் காத்திருப்பதாகவும், சான்றிதழில் 'கண்டறிந்தவர்' என்று மதிப்பீட்டாளரின் பெயரையே போட்டுவிடலாம் என்றும் சொன்னார். இன்றே ஏற்றிக்கொண்டு போகத் தயார்.

மதிப்பீட்டாளர் கைப்பிடியைக் கடைசியாக ஒருமுறை ஆசையோடு தடவினார். கண் கலங்கியது. மூக்குக் கண்ணாடியை மேலே தள்ள விரலைக் கொண்டுபோனவர், அப்படியே நின்றார்.

விரலில் குழந்தை மணம்.

திரும்பிப் பார்த்தார். மகள் சுவரோரம் நின்றிருந்தாள். பையன் வலது தோளில் சிணுங்கினான். அவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அப்பா, இவன் தூங்கணும்" என்றாள்.

"என்ன சார், ஏத்திடலாமா?" என்றார் வியாபாரி.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

'உண்மையை உடைத்துச் சொன்னார். வேன் காலியாகத் திரும்பியது. மகள் உட்கார்ந்தாள்.' [இப்படி நடந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் முதல்முறையாகத் தன் பெயருக்குக் கிடைத்த பெருமையை இவ்வளவு சுலபமாக விட்டுவிடுவாரா?]

'வாயைத் திறக்கவில்லை. நீதிபதியின் நாற்காலி ஒரு பெரிய மாளிகையில் கயிறு கட்டி வைக்கப்பட்டது, உட்காராதீர் என்ற பலகையோடு.' [நையாண்டிக்கு இதுதான் பொருத்தம். எழுதி முடித்துவிட்டேன், ஆனால் அந்த வாக்கியம் முழுக்கப் பையன் அழுகிறான்.]

'மனைவி குறுக்கே வந்து, ஏங்க, போதும், முதல்ல' [இல்லை. எத்தனை தடவைதான் அவளே இவரைக் காப்பாற்றுவாள்?]

அவர் இதோ வாயைத் திறந்துவிட்டார். நான் கையை எடுத்துக்கொள்கிறேன். அந்த வாக்கியத்தை நீங்கள் சொல்லிக்கொடுங்கள். பெரும்பாலும் உட்கார்ந்துகொண்டுதான் படிப்பீர்கள், நிதானமாக யோசிக்கலாம். ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.