உமைமாவின் வலப்பக்கக் கண்ணாடி

காலை ஏழரைக்கெல்லாம் ஆம்பூரின் அந்தச் சந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது: லியாகத் அலியின் பைக்கில் ஒரு போல்ட் கழல மாட்டேன் என்கிறதாம்.

அவன் மனைவி உமைமாவுக்குப் பத்து மணிக்கு லைசென்ஸ் டெஸ்ட். இரண்டு முறை போய், எட்டுப் போடும்போது காலை ஊன்றி, ஃபெயிலாகித் திரும்பியவள். எல்.எல்.ஆர். இன்றோடு முடிகிறது, இதையும் விட்டால் எல்லாம் முதலிலிருந்து. ஷூ கம்பெனி வேன் தினமும் ஊரெல்லாம் சுற்றி ஒன்றரை மணி நேரம் குலுக்கி இறக்குகிறதே, அதை இன்றோடு தலைமுழுகலாம் என்றிருந்தாள். நேற்று மாலை பழகும்போது வண்டியோடு சாய்ந்ததில் வலப்பக்கக் கண்ணாடி தூள். கண்ணாடி இல்லாத வண்டியை இன்ஸ்பெக்டர் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பிவிடுவார். புதுசாக ஒரு ஜோடி வாங்கியாயிற்று. பழைய கண்ணாடித் தண்டின் போல்ட் கழன்றால்தானே மாட்ட முடியும்?

"நீ போய் எட்டு போட்டுப் பழகு, இத நாங்க பாத்துக்கறோம்" என்றான் லியாகத்.

வண்டி இங்கே கிடக்க, எதில் பழகுவதாம்? ஆனாலும் உமைமா விடவில்லை. ஹேண்டில்பாரைப் பிடித்தவள்போல் கைகளை நீட்டிக்கொண்டு சந்தில் நடந்தே எட்டுப் போட்டாள். எதிர்வீட்டு புஷ்ரா ஜன்னலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குள் பக்கத்துவீட்டுக் கோதண்டபாணி வந்து சேர்ந்தார். ஜோலார்பேட்டையில் ரயில்வே ஃபிட்டர். "எஞ்சினையே கழட்டுனவன்பா நான். இது இன்னா, கொசு!"

கொசு அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி இருவரும் சேர்ந்து தொங்கினார்கள். எண்ணெய் ஊற்றினார்கள், சுத்தியலால் தட்டினார்கள். போல்ட்டின் ஆறு முனையும் மழுங்கி உருண்டையானதுதான் மிச்சம்.

"துரு புடிச்சி ஒட்டிக்கிச்சிப்பா. வெல்டிங் கடைக்குத்தான் போணும்."

"அவன் பத்து மணிக்குத்தானண்ணே தொறப்பான்!"

உமைமா எட்டுப் போடுவதை நிறுத்தினாள். புதுக் கண்ணாடிகளை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தவளின் கண்ணில் அது பட்டது. இடப்பக்கக் கண்ணாடித் தண்டின் திருகு மரை வலப்பக்கம் ஏறியது. வலப்பக்கத்ததன் மரை இடப்பக்கம் ஏறியது.

கம்பெனியில் அவள் ஷூவுக்கு மெருகேற்றும் பஃபிங் மெஷினில் இரண்டு பக்கமும் சக்கரம் உண்டு. இடப்பக்கத்து நட்டு மட்டும் தலைகீழ். புதிதாகச் சேர்கிறவர்கள் அதை மாற்றிச் சுற்றி முதல் வாரமே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" என்று எழுந்தாள். "நீங்க எங்க கழட்டுறீங்க? இவ்ளோ நேரமா டைட் பண்ணிக்கினு இருக்கீங்க!"

"இன்னாம்மா சொல்ற?"

"இந்தப் பக்கம் தலைகீழ் மரைண்ணே. மாத்திச் சுத்தணும்."

கோதண்டபாணியிடம் அரத்தை வாங்கி, உருண்டுபோன போல்ட்டின் இரண்டு பக்கத்தைத் தட்டையாக ராவினாள். சின்ன ஸ்பேனரை மாட்டி, இருந்த இடுக்கில் ஒரு தோல் துண்டைச் செருகினாள். எல்லா போல்ட்டையும் எந்தப் பக்கம் இறுக்குவார்களோ அந்தப் பக்கமாகத் திருப்பினாள். முதல் தடவை வரவில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள் முக்கால் மணி நேரம் பாடுபட்டு இறுக்கியதாயிற்றே! இரண்டாம் தடவை மூச்சைப் பிடித்து இழுத்தாள்.

'டிக்'.

புஷ்ரா ஜன்னலிலிருந்து விசிலடித்தாள். கோதண்டபாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா ஒண்ணுப்பா, நாம பண்ண டைட்டு ரயில்ல கூட இருக்காது" என்றார். உமைமா சிரித்த சிரிப்பில் பயமெல்லாம் பறந்தது.

புதுக் கண்ணாடியோடு பத்து மணிக்கு எட்டுப் போட்டாள். "இன்னொரு ரவுண்டு போம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். அதையும் போட்டாள். பாஸ்.

திரும்பும்போது லியாகத் பின்னால் உட்கார்ந்து வந்தான். வலப்பக்கக் கண்ணாடியில் பார்த்தால், அவனுக்கு வாயெல்லாம் பல்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?"

"நீ எட்டு போட்டப்ப எங்க கால ஊனிடுவியோன்னு ஒரே பயம். அங்க ஓரமா நான் ஒத்தக் கால்லயே நின்னுக்கினு இருந்தேன். ரெண்டு ரவுண்டும்!"

உமைமாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வண்டி இப்படியும் அப்படியும் ஆடியது. ஆனாலும் அவள் காலை ஊன்றவில்லை.