நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. 'சமூக ஊடகம் நம் பேச்சை எப்படிக் கெடுக்கிறது? நானூறு சொல்லில் ஒரு கதை' என்று பத்திரிகை ஆசிரியர் செய்தி அனுப்பியிருந்தார். கீழே ஒரு கும்பிடு, ஒரு கடிகாரம். நான் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். ஒப்பந்தம் முடிந்தது.

2

முதல் தொடக்கம்: "அந்தக் காலத்தில் மனிதர்கள் முகம் பார்த்து" (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிக்க மாட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "மொழி என்பது ஒரு" (என்னவென்று தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

3

பாத்திரம் வேண்டுமே என்று ஒரு தையற்காரியைப் பிடித்துப் போட்டேன். தனியாக இருப்பவள், கழுத்தில் அளவு டேப், வாயில் குண்டூசி. வாசகரே, கற்பனை என்று நம்பிவிடாதீர்கள். அது என் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி. வழக்கம்போல் இரட்டை வேகத்தில் ஓடவிட்டேன்.

"டேய், ஒரு அம்மாகிட்ட பேண்ட்டுக்கு அளவு அனுப்புங்கன்னு சொன்னா, செல்ஃபி எடுத்து அனுப்புறாங்கடா. மூஞ்சியப் பாத்து இடுப்பை எப்படிடா தைக்கிறது?"

கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்றை அனுப்பிவிட்டு மூடிவிட்டேன். அரை நிமிடம்கூடக் கேட்டிருக்க மாட்டேன்.*

* செவ்வாயன்று என் பக்கத்தில் 'இன்று யாரும் யாரையும் கேட்பதில்லை' என்று உருக்கமாக ஒரு பதிவு போட்டேன். முந்நூறு இதயங்கள் விழுந்தன. அதில் ஒன்று அக்கா போட்டது.

4

இன்று வியாழன். அந்த செல்ஃபி வசனத்தைக் கதைக்குத் திருடலாமென்று பதிவை மறுபடி திறந்தேன். திருட்டிலாவது நேர்மை வேண்டும், வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும் என்று சாதாரண வேகத்தில் விட்டேன். எழுதும் மும்முரத்தில் நிறுத்த மறந்துவிட்டேன்.

"சரி, சிரிச்சது போதும். ஊசில நூல் கோக்க முடியலடா. கண்ணுல புரை முத்திடுச்சாம். வெள்ளிக்கிழமை காலைல ஆபரேஷன். கூட ஒரு ஆள் இருந்தாத்தான் செய்வாங்களாம். பயமா இருக்கு. நீ வர்றியா? முடியாதுன்னா சொல்லிடு, தள்ளி வச்சிடறேன்."

இதற்கு என் பதில் அந்த மஞ்சள் முகம். நான்கு நாளாக அவள் போனில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்த பிறகும் என் பதிவுக்கு இதயம் போட்டிருக்கிறாள். குத்தலா, பாசமா? மொழியைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிற எனக்கு அது விளங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

5

முடிவுகள்.

அ) தம்பி, அழுகிற முகம் நான்கை அனுப்பி மன்னிப்புக் கேட்கிறான். (செருப்பால் அடிக்க வேண்டும்.)

ஆ) ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் அக்காவைக் கட்டிப்பிடிக்கிறான். (எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கட்டிப்பிடித்ததில்லை. அவள் பயந்துவிடுவாள்.)

இ) அக்கா தனியாகப் போய், வராந்தாவில் முன்பின் தெரியாத ஒருவரிடம், "கொஞ்ச நேரம் என் தம்பின்னு சொல்லி உக்காருறீங்களா" என்று (இதற்கு மேல் கை ஓடவில்லை.)

6

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"என்னடா, யாரு போய்ட்டா?"

"யாரும் போகலக்கா."

"அப்புறம் எதுக்குப் போன்லாம் பண்றே?"

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

அந்தப் பக்கம் டிவியின் சத்தம் குறைந்தது. பிறகு நின்றது. அவள் மூச்சு மட்டும் கேட்கிறது.

ஆசிரியரே, உங்கள் நானூறு சொல் ஆகியிருக்கும். வாசகரே, அவள் திட்டினாளா, ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டாளா, மணி சொன்னாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் தெரியாது. திரையில் விநாடிகள் ஒவ்வொன்றாக ஓடுகின்றன. இதை வேகமாக ஓட்ட வழியில்லை. போனைக் காதிலேயே வைத்திருக்கிறேன்.