வெல்லம் நிறுத்திய சனிக்கிழமை

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. பஸ் நகர்வதாக இல்லை. கார்குழலி இறங்கி ஓடினாள். காலை ஷிப்ட் தொடங்குவதற்குள் போய்விட வேண்டும். அதற்குள் தொட்டி ஆபரேட்டர் நீலமேகம் அந்த டின்னைக் கவிழ்த்திருந்தால் இன்றைய நாளும் வீண்.

திருவொற்றியூரைத் தாண்டி ஒரு ரசாயனத் தொழிற்சாலையில், கழிவுநீர்த் தொட்டிப் பக்கத்து ஆய்வகத்தில் அவளுக்கு உதவியாளர் வேலை. மாலையில் கல்லூரி, நுண்ணுயிரியல். தொழிற்சாலையின் கழிவில் பீனால் என்ற நச்சுப்பொருள் கலந்திருக்கும். தொட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதைத் தின்று தீர்த்த பிறகுதான் தண்ணீர் கழிமுகத்துக்குப் போகும். ஆயுதபூஜைக்குப் பிறகு அவை தின்பதை நிறுத்திவிட்டன. வெளியேறும் தண்ணீரில் ஆஸ்பத்திரித் தரையின் நெடி. எஞ்சினியர் பெனிட்டோ எல்லாம் செய்து பார்த்து ஓய்ந்துவிட்டார். திங்கட்கிழமை சாம்பிளிலும் பீனால் இருந்தால் தொட்டியைக் காலி செய்து வேறொரு கம்பெனியிடம் ஒப்படைப்பது என்று முடிவாகிவிட்டது. அந்தக் கம்பெனி தன் ஆட்களோடுதான் வரும். வேலை போனால் கார்குழலிக்குப் படிப்பும் போகும்.

நேற்று மாலை வகுப்பில்தான் அவளுக்குப் பொறி தட்டியது. ஆயுதபூஜை அன்று நீலமேகம் தொட்டிக்குப் பொட்டு வைத்து, பொரியும் வெல்லமும் படைத்து, மிச்ச வெல்லத்தைக் கரைத்து உள்ளே ஊற்றினார். அது பூஜை. ஆனால் அதற்குப் பிறகும் தொட்டியோரம் ஒரு தகர டின் ஈ மொய்த்தபடி கிடந்ததே?

அவள் மூச்சிரைக்க வந்து நின்றபோது அவர் அந்த டின்னில்தான் கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"ஊத்தாதீங்கண்ணா!"

"இன்னாம்மே, நாய் தொரத்துதா?"

"பூஜைலேர்ந்து டெய்லி ஊத்துறீங்களா இத?"

"பின்ன? பசங்க நாள் முச்சூடும் வெசத்த துன்னுகினு கீறானுங்க. ஒரு வாய் இனிப்பு குடுத்தா இன்னா கொறஞ்சிடும்? கேண்டீன்ல மிஞ்சுற வெல்லம்தான். தொட்டி ஆரம்பிச்சப்ப சாரே ஊத்தச் சொன்னாரு."

"அது ஆரம்பத்துல, பெருகறதுக்கு. இப்ப இனிப்பு கீற வரைக்கும் அவனுங்க பீனால தொடமாட்டானுங்க."

"ஆரு சொன்னா?"

"நேத்து கிளாஸ்ல. ஓப்பரான்னு ஒண்ணு. ஒரு சாப்பாட்ட செரிக்கத் தேவையான ஜீனெல்லாம் ஒரே லைனா நிக்கும். லைனு வாசல்ல ஆபரேட்டர்னு ஒரு எடம்."

"நாந்தாம்மே ஆபரேட்டரு."

"அந்த ஆபரேட்டர் மேல ஒருத்தன் ஏறி உக்காந்துகினு மொத்த லைனையும் வேலை செய்யவுடமாட்டான்."

"அப்ப அவன் பெனிட்டோ சாரு."

அவ்வளவு பதற்றத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தச் சாப்பாடு உள்ள வந்தா அவன் எழுந்துடுவான். ஆனா கூடவே குளுக்கோஸ் கீதுன்னு வைங்க, அவன் எழுந்தாலும் லைனு சோம்பேறியாத்தான் ஓடும். சும்மா கெடைக்கிற இனிப்பு தீர்ற வரைக்கும் இன்னொண்ண செரிக்க எதுக்கு மெனக்கெடணும்னு."

"நம்ம பசங்களுமா அப்டி?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் பயந்திருந்தாள். பாடம் பால் சர்க்கரையைப் பற்றியது, அதுவும் குடலில் வாழும் ஒரு பாக்டீரியாவைப் பற்றி. இந்தத் தொட்டியில் இருப்பவை வேறு வகை. பூட்டும் வேறாக இருக்கலாம், சாவியும் வேறாக இருக்கலாம். வகுப்பு முடிந்து படியிறங்கும்போது ரமாபாய் மேடத்திடம் கேட்டாள். "இருக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு மேடம் பஸ்ஸுக்கு ஓடினார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாள்.

"தெரியலண்ணா."

"நல்லா கீதே கதை! தெரியாமயே பசங்கள பட்டினி போடச் சொல்ற?" திட்டிக்கொண்டேதான் டின்னை மூடினார்.

அதன்பிறகு அவள் ஆக்சிஜன் மீட்டரை விட்டு நகரவில்லை. பாக்டீரியாக்கள் தின்னும்போது தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், முள் தாழும். தின்னாவிட்டால் ஏறும். உச்சி வெயில் நேரத்தில் முள் ஏறத் தொடங்கியது. ஏறிக்கொண்டே போனது.

பெனிட்டோ வந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? எல்லாம் செத்துட்டுல்லா? அந்தக் கம்பெனிக்காரங்கள இன்னைக்கே வரச் சொல்லிரட்டுமா?"

"திங்கக்கிழமைன்னு சொன்னீங்க சார்."

அவர் முள்ளை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனார். நீலமேகம் டின்னைக் காலுக்குப் பின்னால் மறைத்தபடி நின்றிருந்தார். கார்குழலி அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சர்க்கரை தீர்ந்ததும் ஓர் இடைவெளி வரும் என்று வகுப்பில் சொன்னார்கள். பழைய உணவு இல்லை, புது உணவைச் செரிக்கும் என்சைம்கள் இன்னும் தயாராகவில்லை. போர்டில் மேடம் வரைந்த கோட்டில் அது விரல் அகலத்துக்கு ஒரு சமதளம். இந்தத் தொட்டியில் அது எவ்வளவு நேரம்? கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. ஒருவேளை இது இடைவெளியே இல்லையோ, சாவோ? தன் அரைகுறைப் படிப்பை நம்பி எல்லாவற்றையும் கொன்றுவிட்டாளோ?

ஷிப்ட் முடிந்தது. அவள் வீட்டுக்குப் போகவில்லை, வகுப்புக்கும் போகவில்லை. நீலமேகமும் போகவில்லை. அவள் தொட்டியைச் சுற்றினாள், முகர்ந்தாள், தண்ணீருக்குள் விட்டிருந்த மீட்டர் கம்பியைத் துடைத்தாள், மறுபடி சுற்றினாள். முள் மேலேயே நின்றது. கடைசியில் தாங்க முடியாமல் ஒரு மக்கை எடுத்துக்கொண்டு டின்னை நோக்கி நடந்தாள்.

"கொஞ்சம் மட்டும் ஊத்திடலாம்ணா. உசுராச்சும் மிஞ்சட்டும்."

நீலமேகம் டின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"எழுந்துருங்கண்ணா."

"ஆபரேட்டர் மேல ஒருத்தன் குந்திகினா லைனு நின்னுடும்னு சொன்ன இல்ல? இப்ப ஆபரேட்டரே குந்திகினான். டின்னு தொறக்காது. போம்மே, போய் முள்ளப் பாரு."

"செத்துட்டா?"

"இம்மாந்நேரம் பாத்துகினு இப்ப ஊத்துனா, செத்தானா பொழச்சானான்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. பேஜாரு பண்ணாத."

அவள் மக்கைக் கீழே போட்டாள்.

புகைபோக்கிகளுக்குப் பின்னால் வெயில் இறங்கியபோது முள் லேசாக நடுங்கியது. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் மக்கர் பண்ணி ஆக்சிஜன் குறைகிறதோ என்று போய்ப் பார்த்தாள். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டாள். முள் முன்பு நின்ற இடத்துக்குக் கீழே நின்றது. நம்பாமல் இன்னொரு முறை துடைத்து விட்டாள். இன்னும் கீழே.

"மூச்சு வுடறானுங்களா?" டின்மேல் இருந்தபடியே கேட்டார்.

"துன்றானுங்கண்ணா."

"அப்ப நான் எழுந்துக்கலாமா?"

"வேணாம். திங்கக்கிழமை வரைக்கும் குந்திகினே இருங்க."

திங்கட்கிழமை பெனிட்டோ சாம்பிள் பாட்டிலைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். நெடி இல்லை. மறுபடி முகர்ந்தார். ஆய்வகத்துக்குள் போய்த் தானே சோதித்துவிட்டு வந்தார். வெளிக் கம்பெனியின் பேச்சையே அவர் எடுக்கவில்லை.

"என்ன செஞ்சீங்க ரெண்டு பேரும்?"

கார்குழலி வாயைத் திறப்பதற்குள் நீலமேகம் முந்திக்கொண்டார்.

"நான் செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருந்தேன் சார். இது பட்டினி போட்டுச்சு."