அக்கரைப் புகை

புது வீட்டில் குடியேறினால் அக்கம்பக்கத்துக்குச் சோபா சமைத்துக் கொடுக்க வேண்டும். கரிய மாவை இழை இழையாக அறுத்து வேகவைத்த அந்தச் சேமியாவைக் கொடுக்காமல் எங்கள் அவாஜித் தீவில் யாருக்கும் தூக்கம் வராது. ஆனால் வடகோடி ஹொக்கைதோ காட்டில் அரசாங்கம் எங்களுக்கு அளந்துவிட்ட நிலத்துக்கு அக்கமும் இல்லை, பக்கமும் இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் அந்தக் காட்டின் பூர்வகுடிகளான ஐனு மக்களில் ஒரு குடும்பத்தின் கூரைப் புகை மட்டும் தெரிந்தது.

மூடி போட்ட மண்கிண்ணத்தில் சோபாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். என் கணவர் யசோகிச்சிக்குப் பொறுக்கவில்லை.

"ஏண்டி தோவா, உனக்கென்ன கிறுக்கா? இருக்கிறதே ஒரு பிடி மாவு. அவங்களுக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியுமில்ல? அது போதும்."

அந்த வீட்டுக்காரி இதாக்மத் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கிண்ணத்தை வாங்கி வைத்துக்கொண்டாள். சிரிக்கக்கூட இல்லை. "கிண்ணமும் போச்சா?" என்று யசோகிச்சி மாதக்கணக்கில் குத்திக்காட்டினார்.

அடைபனியைக் கண்டறியாத ஊர்க்காரர்கள் கட்டிய வீடு எங்களுடையது. புகை போக அடுப்புக்கு நேர் மேலே ஓட்டை விட்டிருந்தோம். நடுக்குளிரில், அவர் அரிசி வாங்கத் துறைமுகத்துக்குப் போயிருந்த நேரம், கூரைப் பனி அந்த ஓட்டை வழியாகச் சரிந்து அடுப்பை அணைத்துவிட்டது. தீக்குச்சிகள் நமுத்துப்போயின. வெளியே மார்பளவு பனி. பிறந்து மாதம்கூட ஆகாத என் மகள் கினுவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு கிடந்தேன். மறுநாள் காலை அவள் அழுவதையும் நிறுத்திவிட்டாள்.

அப்போதுதான் வாசல் பாயைத் தள்ளிக்கொண்டு இதாக்மத் வந்தாள். மான்தோலுக்குள்ளிருந்து என் கிண்ணத்தை எடுத்து மூடியைத் திறந்தாள். உள்ளே சாம்பல், சாம்பலுக்கடியில் கங்கு.

"நேத்து உன் வீட்ல புகையைக் காணோம்," என்றாள், மீன்பிடித் துறையில் பழகிய எங்கள் பேச்சில். "கிண்ணத்தைக் காலியாத் திருப்பித் தரக்கூடாதாமே, உங்க ஆளுங்க சொல்வாங்க."

அடுப்பு பற்றிக்கொண்டது. சற்று நேரத்தில் கினு வீறிட்டாள். நான் இதாக்மத்தின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

"காலை விடு. முதல்ல பிள்ளைக்குப் பால் குடு," என்று அதட்டினாள்.

யசோகிச்சி திரும்பி வந்து எல்லாவற்றையும் கேட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "ஒரு கிண்ணம் சோபாவுக்கா இவ்வளவும்?"

"அவங்க காட்டுல வந்து குந்தியிருக்கோம். அதுக்கு ஒரு கிண்ணம் ரொம்பக் கம்மிங்க," என்றேன்.

கினு இப்போது ஓடித் திரிகிறாள். விடிந்ததும் வெளியே போய் அக்கரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, புகை வருது!" என்று கத்துவாள். அதைக் கேட்ட பிறகுதான் யசோகிச்சி வாயில் சோறு வைப்பார்.