பரிபூரணம் வீட்டுக்கு வராத அழைப்பு

ஷெரின் வரைந்த காமிக்ஸில் வேற்றுக்கிரகத்துக்காரர்கள் பிளவக்கல் அணைப் பக்கம் வந்து இறங்கினார்கள். இறங்கி உலகத்தை அழித்தார்களா என்றால், அதெல்லாம் இல்லை. ராஜபாளையத்தில் வாடகைக்கு வீடு பிடித்தார்கள். கேஸ் சிலிண்டருக்கு அலைந்தார்கள். குழாயில் தண்ணீர் வராத அன்று, மூன்று கையிலும் குடத்தோடு லாரிக்குப் பின்னால் ஓடினார்கள். தன் தெருவையே ஷெரின் கதைக்குள் இறக்கிவிட்டிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் அச்சகத்திலிருந்து முந்நூறு பிரதி வந்து இறங்கியதும், தெருவே ஆளுக்கொன்று வாங்கித் தன் மூஞ்சியைத் தேடியது.

பக்கத்து வீட்டுப் பரிபூரணமும் தேடினாள். வினை அங்கேதான் பிடித்தது.

புது வீட்டில் பால் காய்ச்ச வேற்றுக்கிரகத்துத் தம்பதி தாம்பாளத்தோடு தெருவை அழைக்கப் போகிறார்கள். டீக்கடை பிச்சை முகம்மது வீடு, அடுத்து கனகலட்சுமி வீடு, அடுத்து நேரே சமுத்திரம் வீடு. நடுவில் இருக்கிற பரிபூரணம் வீட்டைக் காணோம்! பதினாறு பக்கத்துக்கு மேல் போனால் இன்னொரு தாள் ஓட்ட வேண்டும், செலவு கூடும் என்று அச்சகத்தில் சொல்ல, அவசரத்தில் ஷெரின் ஒரு கட்டத்தை எடுத்துவிட்டாள். போயும் போயும் அந்தக் கட்டத்தையா எடுப்பாள்?

வேறு ஆளாக இருந்தால் சமாளித்திருக்கலாம். ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் பார்த்து வயிறு வலிக்கச் சிரிப்பவளே பரிபூரணம்தான். அவள் சிரிக்காத பக்கத்தை ஷெரின் கிழித்துப் போட்டுவிடுவாள். பரிபூரணம் தன் வீடு இருந்த கட்டத்தையும் முன்பே பார்த்துவிட்டு, கூமாப்பட்டிச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லியும் வைத்திருந்தாள்.

"இடம் பத்தலைக்கா" என்று போய் நின்றாள் ஷெரின்.

"அம்புட்டு வீட்டுக்கும் பத்துச்சு. என் வீட்டுக்கு மட்டும் பத்தலையாக்கும்?"

கதவு சாத்திக்கொண்டது. எட்டு நாள் பேச்சில்லை. ஷெரினுக்கு அடுத்த பாகத்தில் ஒரு கோடுகூட ஓடவில்லை. வரைந்து யாரிடம் காட்டுவது? பேனாவை எடுத்தாலே அழுகை முட்டியது.

அவள் புருஷன் எட்வின் பேண்டேஜ் துணித் தறியில் வேலை பார்ப்பவன். "விட்டுப்போன வீட்டை நேர்ல போயித்தான் அழைக்கணும்" என்றான்.

"யாரு போக?"

"அழைக்க வேண்டியவிய யாரோ, அவிய."

சனிக்கிழமை காலை, வேற்றுக்கிரகத்துக்காரன் வேஷத்துக்குத் தலையிலிருந்து கால் வரை பேண்டேஜைச் சுற்றிக்கொண்டான். பழைய சட்டைக் கையில் பஞ்சை அடைத்து மூன்றாவது கை. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம். பக்கத்து வீடுதான், ஆனாலும் தெருமுனையிலிருந்து வந்தால்தானே மரியாதை!

"ஏலே எட்வினு, எங்கன விழுந்த?" என்று டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடிவந்தார் பிச்சை முகம்மது. "ஆட்டோ பிடிக்கட்டுமா?"

தெரு நாய்கள் எல்லாம் சேர்ந்து அவனைப் பரிபூரணம் வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தன. அவள் மேலும் கீழும் பார்த்தாள். உதடு கொஞ்சமும் அசையவில்லை.

"ஒத்தையில வந்து அழைச்சா நாங்க ஏத்துக்கிட மாட்டோம். பொண்டாட்டியக் கூட்டிட்டு வாங்க."

மறுபடியும் கதவு. எட்வின் வீட்டுக்கு ஓடினான்.

"நானா?" என்று பதறினாள் ஷெரின்.

"இன்னும் ரெண்டு ரோல் இருக்கு. அசையாம நில்லு."

இந்த முறை தெருவே பின்னால் வந்தது. ஷெரினுக்குக் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. தாம்பாளத்தை நீட்டினாள்.

"நாளைக்குப் பால் காய்ச்சுதோம். குடும்பத்தோட வரணும்…" அத்தோடு வேஷத்தை மறந்துவிட்டாள். "உங்கள விட்டது தப்புதான்க்கா."

பரிபூரணம் இரண்டு கையாலும் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள்.

"எத்தன மணிக்கு?"

அதை யார் யோசித்தது! "ஆறு மணிக்கு" என்று உளறினான் எட்வின்.

"எங்க?"

மூன்றாவது கையைப் பிடித்துத் தன் வீட்டையே காட்டினான். பரிபூரணம் தெருவைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டுக்கிட்டீங்களா? காலையில ஆறு மணி. பால் நான் கொண்டு வாரேன்."

சீனி யார் கொண்டுவருவது என்று கனகலட்சுமிக்கும் சமுத்திரத்துக்கும் அங்கேயே தகராறு ஆரம்பித்தது. பரிபூரணம் ஷெரின் முகத்துப் பேண்டேஜை விலக்கி, அதிலேயே அவள் கண்ணைத் துடைத்தாள்.

"எட்டு நாளா நான் சிரிக்கவே இல்லட்டி" என்றாள். "போ, அடுத்த பாகத்த எடுத்துட்டு வா."